இடுப்புப் பையில் கைத்துப்பாக்கி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெக்ஸாஸ் போன்ற மாநிலங்களில் சட்டப்படி கைத்துப்பாக்கி வைத்திருக்கும் நம்மவர்களில் பலர், வெயில் ஏறியதும் இடுப்புப் பைக்கு மாறிவிடுகிறார்கள். காரணம் புரிகிறது. ஹியூஸ்டன் ஜூலை மாதத்தில் டி-ஷர்ட்டும் அரைக்கால் சட்டையும் போட்டுக்கொண்டு, பெல்ட்டுக்குள் ஹோல்ஸ்டரை (துப்பாக்கி உறையை) செருகி நாள் முழுக்க நடமாடுவது கஷ்டம். ஃபேனி பேக் எனப்படும் இடுப்புப் பை என்றால் பெல்ட்டே வேண்டாம். அமெரிக்காவில் இது புதிய பழக்கமும் அல்ல. 1980கள், 90களிலேயே பணிநேரம் முடிந்த போலீஸ்காரர்கள் இப்படித்தான் கட்டிக்கொண்டு திரிந்தார்கள். இதற்கென்றே தைத்த பைகளை ஹோல்ஸ்டர் கம்பெனிகள் விற்றன, இன்றும் விற்கின்றன.

ஆனால் இந்தப் பையால் வரும் ஆபத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால், பெரும்பாலானவை ஒரே இடத்தில் போய் நிற்கின்றன. கட்டியிருப்பவர் அதைத் துப்பாக்கியாக நடத்தாமல் வெறும் பையாக நடத்துகிறார். சாவியைப் போடுகிறார், நாற்காலியில் மாட்டுகிறார், பக்கத்தில் இருப்பவரிடம் கொடுக்கிறார், அதே பையோடு ஏர்போர்ட்டுக்கும் போகிறார்.

முதலில் பைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். சாதாரணக் கடையில் வாங்கிய பையில், போனும் சாவியும் கிடக்கிற அதே அறையில் துப்பாக்கியையும் போட்டு ஜிப்பை மூடுவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. இன்று அதிகம் விற்கும் கைத்துப்பாக்கிகள் பலவற்றில் விரலால் தள்ளும் தனிப் பாதுகாப்புப் பூட்டு கிடையாது. க்ளாக் என்ற பிரபலக் கம்பெனியின் துப்பாக்கி அப்படிப்பட்டதுதான். அதன் ட்ரிகரை முழுவதும் இழுக்க ஏறத்தாழ இரண்டரை கிலோ விசை போதும். அந்த விசை விரலிலிருந்துதான் வர வேண்டும் என்று துப்பாக்கிக்குத் தெரியாது. ட்ரிகர் வளையத்துக்குள் நுழைந்த சாவி, லிப் பாம் டப்பா, ஜாக்கெட் நாடாவின் நுனி என எதுவும் அந்த வேலையைச் செய்துவிடும். உட்காரும்போது தொடையும் வயிறும் சேர்ந்து பையை நெருக்குவதை நினைத்துப் பாருங்கள்.

துணியால் ஆன உறை இதற்குப் போதாது. துணி மடியும், மடிந்த துணியே ட்ரிகரை அழுத்தும். கைடெக்ஸ் போன்ற கெட்டியான பிளாஸ்டிக்கில், உங்கள் மாடலுக்கென்றே வார்த்த ஹோல்ஸ்டர் வேண்டும். ட்ரிகர் வளையம் முழுவதும் மூடியிருக்க வேண்டும். அந்த ஹோல்ஸ்டர் பைக்குள் நகராதபடி பொருந்தியிருக்கவும் வேண்டும். துப்பாக்கிக்கென்று தனி அறை, அதில் வேறு எதுவும், ஒரு பார்க்கிங் ரசீதுகூட இருக்கக் கூடாது. ஹோல்ஸ்டர் இல்லாமல் செருகினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவே அறிந்த உதாரணம் உண்டு. 2008 நவம்பரில் அமெரிக்க ஃபுட்பால் வீரர் பிளாக்ஸிகோ பர்ரஸ், ஒரு நியூயார்க் கிளப்பில் தன் கால்சட்டை இடுப்பில் வெறுமனே செருகியிருந்த துப்பாக்கி நழுவ, தன் தொடையிலேயே சுட்டுக்கொண்டார். அந்தத் துப்பாக்கியை நியூயார்க்கில் வைத்திருக்க அவருக்கு லைசென்ஸும் இல்லை. இரண்டு ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. அவர் பை எதுவும் கட்டியிருக்கவில்லைதான். ஆனால் ஹோல்ஸ்டர் இல்லாத பைக்குள்ளும் இதே கதைதான் நடக்கும்.

அடுத்து, குழல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது. பெல்ட் ஹோல்ஸ்டரில் குழல் பொதுவாகத் தரையைப் பார்க்கும். வயிற்றுக்கு முன்னால் கட்டிய பையில் துப்பாக்கி படுத்துக்கிடக்கிறது. வலக்கைக்காரர் என்றால் குழல் இடப்பக்கம் நீட்டியபடி இருக்கும். கடை வரிசையில் இடப்பக்கம் நிற்பவர், சோபாவில் இடப்பக்கம் உட்கார்ந்திருக்கும் குழந்தை, எல்லோரும் அந்தக் கோட்டில் வருகிறார்கள். கெட்டியான ஹோல்ஸ்டர் மேல் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு இதுவே காரணம். பையை நெஞ்சுக்குக் குறுக்கே தோளில் மாட்டுவது இப்போதைய மோஸ்தர். அதில் பை ஆடும், குழலின் திசை ஒவ்வொரு அசைவிலும் மாறும். பின்பக்கம் தள்ளிக் கட்டுவது அதைவிட மோசம், ஜிப்பில் யார் கை வைக்கிறார் என்றே உங்களுக்குத் தெரியாது.

எடுக்கும்போதும் ஒரு பொறி இருக்கிறது. ஒரு கை ஜிப்பை இழுத்துத் திறந்து பிடித்திருக்கும், இன்னொரு கை துப்பாக்கியை உருவும். திறந்து பிடித்த கை குழலுக்கு நேர் முன்னால் வந்துவிடுவது மிகச் சுலபம். பெல்ட் ஹோல்ஸ்டரில் பல வருடம் பழகியவர்களுக்குக்கூட இது தானாக வராது. யூடியூப் பார்த்து வீட்டில் நிஜத் துப்பாக்கியோடு முயல வேண்டாம். பயிற்சிக்கென்றே விற்கும், சுட முடியாத நீலநிறப் பிளாஸ்டிக் துப்பாக்கியோடு ஒரு பயிற்சியாளர் முன்னால் பழகுங்கள். திரும்ப உள்ளே வைப்பதிலும் அவசரம் கூடாது. பையை இடுப்பிலிருந்து கழற்றி, துப்பாக்கியைக் கெட்டியான ஹோல்ஸ்டருக்குள் கண்ணால் பார்த்து வைத்து, அப்புறம் மொத்தமாகப் பைக்குள் வைப்பது நல்லது. கட்டியபடியே, கண்ணுக்குத் தெரியாத அறைக்குள் குழலைத் தள்ளித் திணிக்கும்போதுதான் துணியோ விரலோ ட்ரிகரில் மாட்டும்.

துப்பாக்கி கை நழுவினால் பிடிக்கப் போகாதீர்கள், விழட்டும். இன்றைய தரமான கைத்துப்பாக்கிகள் விழுந்தால் வெடிக்காதபடிதான் வடிவமைக்கப்படுகின்றன. பதறிப் பிடிக்கிற, பதறி எடுக்கிற விரல்தான் ட்ரிகரில் போய் விழுகிறது. 2018 ஜூனில் டென்வரில் பணியில் இல்லாத ஒரு எஃப்பிஐ அதிகாரி நடனமாடும்போது குட்டிக்கரணம் அடித்தார். இடுப்பிலிருந்து துப்பாக்கி கீழே விழுந்தது. வெடித்தது அவர் அதை அள்ளி எடுத்தபோதுதான். பக்கத்தில் இருந்த ஒருவரின் காலில் குண்டு பாய்ந்தது. பயிற்சி பெற்ற அதிகாரிக்கே இது நடந்தது.

இதையெல்லாம் விட எனக்கு அதிகம் பயம் தருவது பையைக் கழற்றும் நேரம். பெல்ட்டில் மாட்டிய ஹோல்ஸ்டரை யாரும் உணவகத்தில் கழற்றி வைப்பதில்லை. பையை வைக்கிறார்கள். கொக்கியை ஒரு அழுத்து அழுத்தினால் கழன்றுவிடும், சாப்பிட உட்கார்ந்தால் வயிற்றை உறுத்தும், உடனே நாற்காலி முதுகுக்குப் போய்விடுகிறது. கழிப்பறைக் கதவுக் கொக்கி, துணிக்கடை டிரையல் ரூம், ஜிம் பெஞ்ச், பூங்காவில் பிள்ளைகள் விளையாடும் இடத்துப் பாய் என்று அது போகும் இடங்கள் ஏராளம்.

2014 டிசம்பர் 30 அன்று ஐடாஹோ மாநிலம் ஹெய்டனில் ஒரு வால்மார்ட் கடையில் 29 வயதுப் பெண் ஒருவர் இறந்தார். துப்பாக்கி வைப்பதற்கென்றே தனி ஜிப் அறையோடு செய்யப்பட்ட கைப்பை அவருடையது. லைசென்ஸும் இருந்தது. பையை ஷாப்பிங் வண்டியில் வைத்திருந்தார். வண்டியில் உட்கார்ந்திருந்த அவருடைய இரண்டு வயது மகன் ஜிப்பைத் திறந்து துப்பாக்கியை எடுத்துவிட்டான். சரியான பை, சரியான அறை, சட்டப்படியான உரிமை எல்லாம் இருந்தும், உடம்பை விட்டு ஓர் எட்டு தள்ளியிருந்ததுதான் அந்தக் குடும்பத்தைக் குலைத்தது. சிறு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இந்தப் பை இடுப்பில் இருக்க வேண்டும், இல்லையென்றால் பூட்டிய பெட்டகத்தில் இருக்க வேண்டும். அலமாரியின் மேல்தட்டு பெட்டகத்துக்கு ஈடாகாது. வீட்டுக்குள் நுழைந்ததும் மற்றப் பைகளோடு ஆணியில் மாட்டுகிறவர் தயவுசெய்து இந்த முறையையே விட்டுவிடட்டும்.

காரில் விட்டுவிட்டுப் போவதும் இதே வகைதான். கார் கண்ணாடியை உடைக்கிறவன் தேடுவதே பையைத்தான். வேறு வழியே இல்லையென்றால், வண்டியின் உடம்போடு கம்பிவடத்தால் கட்டிய பூட்டுப்பெட்டி வேண்டும். அதையும் போய்ச் சேர்ந்த இடத்தின் பார்க்கிங்கில் எல்லோரும் பார்க்க எடுத்து வைக்காமல், கிளம்பும் முன்பே முடித்துவிடுங்கள்.

"இதைக் கொஞ்சம் பிடி, வந்துடறேன்" என்று மனைவியிடமோ நண்பரிடமோ பையை நீட்டுவது நம் வீடுகளில் இயல்பு. இங்கே சட்டமும் குறுக்கே வருகிறது. எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற குடியேற்றமில்லா விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்திய சட்டம் தடைசெய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் உள்ளவர்களுக்கு என்பது போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. மீறினால் 15 ஆண்டுவரை சிறை, நாடு கடத்தலுக்கும் வழி. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. ஒரே வீட்டில் ஒருவர் கிரீன் கார்டிலும் மற்றவர் விசாவிலும் இருந்தால், பையைக் கைமாற்றுவதே வம்பு. டெக்ஸாஸில் 2021 செப்டம்பர் முதல் 21 வயது நிறைந்தவர்கள் லைசென்ஸ் இல்லாமலே துப்பாக்கி கொண்டுபோகலாம் என்று ஆனதால், "எல்லோருக்கும் பொருந்தும்" என்று தவறாக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். மத்தியச் சட்டத்தின் தடையை மாநிலச் சட்டம் நீக்காது. வேட்டை லைசென்ஸை நம்பி எதையும் செய்யும் முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள்.

மாநில எல்லையும் அப்படித்தான். நியூஜெர்சி, நியூயார்க், கலிஃபோர்னியா ஆகியவை வெளிமாநில லைசென்ஸை ஏற்பதில்லை. டாலஸில் சட்டப்படி கட்டிய பையோடு நியூஜெர்சியின் எடிசனுக்குச் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனால் அங்கே அது குற்றம். சொந்த மாநிலத்திலும் பள்ளி, நீதிமன்றம், தடைப்பலகை வைத்த கடை, கோயில் எல்லாவற்றையும் கவனிக்க வேண்டும். பை என்பதால் யாருக்கும் தெரியாது என்று பலகையைத் தாண்டிப் போகிறவருக்கு இந்தப் பொறுப்பே பொருந்தாது.

கடைசியாக விமானப் பயணம். அமெரிக்க விமான நிலையச் சோதனையில் 2023-ல் மட்டும் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன. அவற்றில் 93 சதவீதம் குண்டு ஏற்றியவை. பிடிபடுகிறவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது "பையில் இருப்பதை மறந்துவிட்டேன்" என்பதுதான். அபராதம் ஆயிரக்கணக்கான டாலராகப் போகலாம். சோதனையைச் சீக்கிரம் முடிக்க உதவும் ப்ரீசெக் வசதியும் பறிபோகும். துப்பாக்கிப் பையைப் பயணப் பையாக ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். பாஸ்போர்ட் வைக்க அதே நிறத்தில் இன்னொன்று வாங்குவதும் வேண்டாம்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். துப்பாக்கியை வீட்டில் எடுத்து வைத்துவிட்டாலும், சுடும் பயிற்சிக்கான ரேஞ்சுக்குப் போன நாளில் பையின் மூலையில் ஒதுங்கிய ஒரே ஒரு தோட்டா போதும். சென்னை விமான நிலைய ஸ்கேனரில் அது தெரிந்தால் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவாகலாம். தெரியாமல் இருந்துவிட்டது என்று நீதிமன்றம் பின்னால் ஏற்றுக்கொண்டாலும், அதுவரை விடுமுறையும் திரும்பும் டிக்கெட்டும் என்ன ஆவது? ரேஞ்சுக்கு ஒருமுறையாவது போய்வந்த எந்தப் பையையும், முதுகுப்பை உட்பட, இந்தியப் பயணத்துக்கு எடுக்காதீர்கள். எடுத்தே ஆக வேண்டுமென்றால் ஒவ்வொரு அறையையும் வெளிப்பக்கமாகத் திருப்பி, தையல் ஓரங்களை விரலால் தடவிப் பார்த்துவிட்டு எடுங்கள்.