நாட்டின் பெயர் பார்த்துப் பொம்மை வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீபாவளி முடிந்து ஆண்டிறுதி விடுமுறை நெருங்கும்போது பாலர் பள்ளி வாசலில் பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்வி இதுதான்: “டீச்சர், எந்த நாட்டுப் பொம்மை நல்லது?” வகுப்பறைக்குப் பொம்மை வாங்கும் பொறுப்பு பல ஆண்டுகளாக என்னிடம் இருப்பதால் கேட்கிறார்கள். முதல் பிள்ளைக்கு வாங்குபவர்கள் ஆண்டுதோறும் அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். விலையை ஒப்பிடுவது, ரசீதை வைத்திருப்பது எல்லாம் நீங்களே அறிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

பார்கோடு எண்ணை நம்புவது

இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி ஓயாமல் சுற்றுகிறது. எண் 690 முதல் 699 வரை தொடங்கினால் சீனப் பொருளாம், 400 முதல் 440 வரை ஜெர்மனியாம், 890 இந்தியாவாம், 888 நம் சிங்கப்பூராம். எண்கள் சரிதான், அவற்றுக்குச் சொல்லும் அர்த்தம்தான் தவறு. பார்கோடு எண்களை வழங்கும் அமைப்பு ஜிஎஸ்1. ஒரு நிறுவனம் எந்த நாட்டின் ஜிஎஸ்1 அமைப்பில் பதிந்து எண் வாங்கியது என்பதை மட்டுமே அந்த முதல் மூன்று எண்கள் காட்டும். இங்கே பதிந்த நிறுவனம் சீனாவில் செய்து இறக்குமதி செய்யும் பொம்மையிலும் 888 இருக்கும்.

என் வகுப்புப் பிள்ளை ஒருவரின் அம்மா, இன்னும் பிரிக்காத பிறந்தநாள் பரிசுகளை எல்லாம் இந்தச் செய்தியை வைத்தே தரம் பிரித்தார். 69இல் தொடங்கியவை அப்படியே குப்பைக்குப் போயின. 4இல் தொடங்கிய, விளக்கு எரியும் மந்திரக்கோல் ஒன்று மட்டும் ‘ஐரோப்பியப் பொருள்’ என்று தப்பியது. பிள்ளை அதைப் பள்ளிக்குக் கொண்டுவந்தபோது திருப்பிப் பார்த்தேன். பேட்டரி மூடிக்குத் திருகே இல்லை. நகத்தால் நெம்பினாலே திறந்துகொண்டது. உள்ளே ஏறக்குறைய நம் 20 காசு அளவில் லித்தியம் பேட்டரி. குழந்தை அதை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால், 2 மணி நேரத்திலேயே கடுமையான புண்ணை உண்டாக்கிவிடும். விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டிய விஷயம் இது. அந்த வீட்டில் தவழும் தம்பி வேறு இருந்தான்.

அந்த அம்மா மீது எனக்குக் கோபமில்லை. அவ்வளவு அக்கறையோடு இருந்தவரைத் தவறான இடத்தில் பார்க்க வைத்தார்களே என்ற கோபம்தான் இன்னும் தணியவில்லை. பொம்மை எங்கே செய்யப்பட்டது என்று தெரிய வேண்டுமானால் ‘மேட் இன்’ வரியைப் படியுங்கள். ‘டிசைன்ட் இன்’ வேறு, அது வேறு. லெகோ டென்மார்க் நிறுவனம். ஆனால் ஹங்கேரி, செக், மெக்சிகோ, சீனா என்று பல நாடுகளில் அதற்குத் தொழிற்சாலைகள் உண்டு. அந்த வரியைப் படித்த பிறகும் மூடியில் திருகு இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

பழியை நாட்டின் மீது போடுவது

2007இல் மட்டெல் என்ற அமெரிக்கப் பொம்மை நிறுவனம் சீனாவில் செய்த பொம்மைகளை லட்சக்கணக்கில் திரும்பப் பெற்றது. ஈயம் கலந்த சாயம் என்ற செய்திதான் மக்கள் மனத்தில் நின்றது. ஆனால் திரும்பப் பெற்றவற்றில் பெரும்பகுதி, சிறு காந்தங்கள் கழன்று விழும் வடிவமைப்புக் குறை உள்ளவை. வடிவமைத்தது மட்டெல், அதற்காக அதே ஆண்டு செப்டம்பரில் சீனாவிடம் மன்னிப்பும் கேட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட காந்தங்களைக் குழந்தை விழுங்கினால் அவை குடல் மடிப்புகளை இடையில் நசுக்கி ஒட்டிக்கொண்டு ஓட்டை போட்டுவிடும். எந்த ஊர்க் காந்தமானாலும் அப்படித்தான்.

‘சிஇ’ என்றால் ‘சைனா எக்ஸ்போர்ட்’ என்பது

கட்டுக்கதை. பெட்டியில் இருக்கும் அந்த முத்திரை, பொம்மை ஐரோப்பிய விதிகளுக்கு உட்பட்டது என்று தயாரிப்பாளரே தரும் உறுதிமொழி. அதோடு இஎன் 71, ஏஎஸ்டிஎம் எஃப்963, ஐஎஸ்ஓ 8124 ஆகிய பொம்மைப் பாதுகாப்புத் தரக் குறியீடுகளில் ஒன்றையாவது தேடுங்கள்.

சார்ஜரைக் கவனிக்காமல் விடுவது

சுவரில் செருகும் அடாப்டரில் சிங்கப்பூரின் சேஃப்டி மார்க் இல்லையென்றால் செருகாதீர்கள்.

ஊர்ப் பொம்மைக்குச் சலுகை தருவது

தாத்தா பாட்டி ஊரிலிருந்து கொண்டுவருவதையும், தேக்காவில் (லிட்டில் இந்தியாவில்) ஆசையாக வாங்குவதையும் யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையும் கொலுப் பொம்மையும் கண்ணால் பார்த்து மகிழ்வதற்கு. பல் முளைக்கும் குழந்தையின் கையில் கொடுப்பதற்கு அல்ல. அரக்குச் சாயம் பூசிய சென்னபட்டணா மரப் பொம்மைகள் எனக்கு மிகவும் பிடித்தவை, வகுப்பிலும் வைத்திருக்கிறேன். ஆனால் அதே சாயலில் சாதாரணப் பெயின்ட் அடித்தவையும் விற்கிறார்கள்.

இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ தர முத்திரை கட்டாயம். பதிவுபெற்ற கைவினைஞர்கள் செய்து விற்பவற்றுக்கு விலக்கு உண்டு. எனவே கைவினைப் பொம்மையில் முத்திரை இல்லாதது குற்றமல்ல. சோதிக்கும் வேலை நம் தலையில் விழுகிறது, அவ்வளவுதான். ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் துடையுங்கள். சாயம் ஒட்டினால் அதை அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். மணிகளையும் சக்கரங்களையும் பெரியவர் பலத்தோடு இழுத்துப் பாருங்கள். கழன்று வரும் துண்டு 3 செ.மீ.க்குள் இருந்தால், மூன்று வயது நிறையாத பிள்ளைக்கு அது வேண்டாம்.