நாட்களை எண்ணப் பழகுவது எப்படி

பைபிளில் மோசேயின் ஜெபமாக உள்ள தொண்ணூறாம் சங்கீதம் பெரும்பாலும் அடக்க ஆராதனையில்தான் நம் காதுக்கு வருகிறது. முன்னால் பெட்டி இருக்கும், ஒரு பக்கம் அழுகை, இன்னொரு பக்கம் வண்டி வந்துவிட்டதா என்ற விசாரிப்பு. யார் மனதிலும் அது தங்காது. அதனால் முதல் வேலையாக அந்தச் சங்கீதத்தை வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். வாரத்தில் ஒரு நாள், காலை ஜெபத்தில், சத்தமாக வாசியுங்கள். எழுபது வருஷம், பெலம் மிகுந்தால் எண்பது என்கிற பத்தாம் வசனத்தோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தக் கூடாது. பன்னிரண்டில் நாட்களை எண்ணும் அறிவைக் கேட்கிற மோசே, பதினான்கில் காலையிலே கிருபையால் திருப்தியாக்கும் என்கிறார். கடைசி வசனத்தில் எங்கள் கைகளின் கிரியையை உறுதிப்படுத்தும் என்று இரண்டு தடவை கெஞ்சுகிறார். ஆயுசு குறுகியது என்று அறிந்த மனுஷன், செய்கிற வேலை நிலைக்க வேண்டும் என்று கேட்கிறார். அந்த இடம் வரைக்கும் வாசித்தால்தான் சங்கீதம் முடிகிறது.

நான் நெடுங்காலம் கிராமச் சபைகளில் உபதேசியாராக, அதாவது ஐயருக்கு உதவியாகச் சபையைக் கவனிக்கிறவனாக, இருந்தவன். அடக்கப் பதிவேடு எழுதுவதும் என் வேலையாக இருந்தது. பெயர், மரித்த தேதி, அடக்கம் செய்த தேதி, நடத்தியவர் என்று கட்டங்கள் இருக்கும். எனக்குக் கை நின்றுவிடுவது வயது என்கிற கட்டத்தில்தான். 86 என்று எழுதிய அதே பேனாவால் அடுத்த வரியில் 19 என்று எழுத வேண்டி வரும். ஆயுசுக்கு வரிசை கிடையாது என்பதை அந்தப் பக்கம்தான் எனக்குக் காட்டிக்கொடுத்தது.

அப்புறம் கல்லறைத் தோட்டம். கல்லறைத் திருநாளான நவம்பர் 2 வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வெயில் தாழ்ந்தபின் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். கல்லில் உள்ள பெயர்களை வாசிக்கச் சொல்லுங்கள். 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்பதற்கு என்ன அர்த்தம் என்று கேட்பார்கள், சொல்லிக் கொடுங்கள். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் டோனாவூரில் பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் தம் கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லிவைத்திருந்தார். 1931-ல் விழுந்து அடிபட்டவர், 1951-ல் மரிக்கும் வரை பெரும்பாலும் படுக்கையறைக்குள்ளேயே இருந்தார். அந்த அறையிலிருந்துதான் எழுதிக்கொண்டே இருந்தார். அவர் வளர்த்த பிள்ளைகள் கல்லுக்குப் பதிலாகப் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்தார்கள். நாட்களை எண்ணுவது என்றால் இதுதான் என்று நான் பிள்ளைகளிடம் சொல்வேன். படுக்கையில் கழிந்த அந்த வருஷங்களும் கணக்கில் சேரும்.

இனி, சாகக் கிடக்கிறவர்களைப் பார்க்கப் போவது. இதற்குத்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள், ஆனால் நம்பிக்கையைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை. நின்றுகொண்டு பேசாதீர்கள். ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவர் முகத்துக்கு நேராக உட்காருங்கள். 'ஒண்ணும் ஆகாது, எழுந்து நடந்துருவீங்க' என்று சொல்லாதீர்கள். அவருக்குத் தெரியும். அப்படிச் சொன்னால் அவர் பேச நினைத்ததை விழுங்கிவிடுவார். 'மனசுல என்ன ஓடுது?' என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். யோவான் சுவிசேஷம் பதினோராம் அதிகாரத்திலிருந்து இரண்டு வசனம் வாசித்தால் போதும். ஜெபம் சுருக்கமாக இருக்கட்டும். கண்ணீர் வந்தால் அடக்க வேண்டாம். மரித்த லாசருவை உயிரோடு எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தே இயேசு அந்த அதிகாரத்தில் அழுதார்.

இப்படிப் போன வீட்டில் ஒரு பெரியம்மா கட்டிலுக்கடியில் இருந்த டிரங்குப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். அந்துருண்டை வாசனையோடு, மடித்துவைத்த வெள்ளைச் சேலை. அதன் மேல் நான்காக மடித்த ஒரு காகிதம். அதில் அடக்கத்தில் பாட வேண்டிய, பாமாலை என்கிற சபைப் பாட்டுப் புத்தகத்தின் நம்பர்கள். நான் வாசித்துக் காட்டினேன். 'ஐயா, நேரமாச்சுன்னு கடைசி அடியை விட்டுருவாங்க. உயிர்த்தெழுதல் அதுலதான் வருது. நீங்க நின்னு பாட வையுங்க' என்றார். பாட வைத்தேன். அதிலிருந்து யாருடைய அடக்கத்திலும் கடைசி அடியை விடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

அதுபோல் நீங்களும் ஒரு காகிதம் எழுதி வையுங்கள். பாட்டு நம்பர், வாசிக்க வேண்டிய பகுதி, யாருக்குக் கடனைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், வங்கிக் கணக்கில் நாமினி யார், ஞானஸ்நானச் சர்டிபிகேட் எந்தப் பையில் இருக்கிறது. குடும்ப ஜெபம் முடிந்ததும் எல்லார் முன்பாகவும் சொல்லிவிடுங்கள். அபசகுனம் என்று யாராவது பதறினால், உயிர்த்தெழுதல் உண்டு என்று ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில் சொல்கிறோமே, அதைத்தான் எழுதி வைத்திருக்கிறேன் என்று சொல்லுங்கள்.

இளவயதுச் சாவு வீட்டுக்குப் போனால் ஒரு வார்த்தையை மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள்: 'ஆண்டவர் தன் தோட்டத்துக்குப் பூ வேணும்னு பறிச்சுக்கிட்டார்.' பெற்றவள் காதில் அது எப்படி விழும் என்று யோசியுங்கள். மரணத்தை அப்போஸ்தலன் பவுல் கடைசிச் சத்துரு என்கிறார். நண்பன் என்று எங்கேயும் சொல்லவில்லை. அந்தச் சத்துரு பரிகரிக்கப்படும், அதாவது ஒழிக்கப்படும் என்பதுதான் நம் நம்பிக்கை. அதனால் மனம்விட்டு அழலாம். நம்பிக்கையற்றவர்களைப் போலத் துக்கிக்க வேண்டாம் என்றுதான் தெசலோனிக்கே சபையாருக்கு எழுதினார், துக்கிக்கவே கூடாது என்று எழுதவில்லை.

கடைசியாக, மனஸ்தாபம். வரப்புத் தகராறில் அண்ணன் தம்பி வருஷக்கணக்காகப் பேசாமல் இருந்து, ஒருவர் பெட்டியில் படுத்தபின் மற்றவர் தலையில் அடித்துக்கொண்டு அழுவதை அடிக்கடி பார்த்திருக்கிறேன். நியாயம் யார் பக்கம் என்று முடிவான பிறகு போகலாம் என்றால் போகவே மாட்டீர்கள். பத்திரத்தையும் பழைய கதையையும் வீட்டில் வைத்துவிட்டு, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நேரே அவர் வீட்டுக்குப் போங்கள். 'அண்ணே, பார்க்கணும்போல இருந்துச்சு' என்றால் போதும். காபி கொடுத்தால் குடியுங்கள். கொடுக்காவிட்டால் அடுத்த ஞாயிறும் போங்கள்.