பெப்டைடு நானோ இழைக் கூழ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரு ஆய்வகங்களுக்குக் கோவையிலிருந்தும் மதுரையிலிருந்தும் ஆண்டுதோறும் வந்து சேரும் நம் மாணவர்கள், நீரில் தாமாகவே ஒன்றுகூடி இழைகளாகி, செல் வளர்க்க உதவும் கூழாகும் பெப்டைடுகளை (அமினோ அமிலங்களின் குறுஞ்சங்கிலிகளை) கையில் எடுத்ததும் அதே பழைய இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். கையுறை, கிருமிநீக்கம் போன்றவற்றைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

பொடியின் எடையைப் பெப்டைடின் எடையாகக் கொள்வது

எச்.பி.எல்.சி. என்னும் திரவப் பிரிப்பு முறையில் தூய்மைப்படுத்தி விற்கப்படும் வெண்பொடியில் பெரும்பாலும் ட்ரைஃப்ளூரோஅசிட்டிக் அமிலம் எதிரயனியாக (பெப்டைடின் நேர்மின்னூட்டத்தை ஈடுசெய்யும் எதிர்மின் துகளாக) ஒட்டிக்கொண்டு வருகிறது. இவ்வகைப் பெப்டைடுகளில் ஒன்றான ராடா-16இல் நேர்மின்னூட்டமுள்ள ஆர்ஜினைன் அமினோ அமிலங்கள் நான்கு உள்ளன. ஒவ்வொன்றும் 114 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) எடையுள்ள ஓர் அமில மூலக்கூறைப் பிடித்து வைத்தால், 1,712 டால்டன் பெப்டைடோடு 456 டால்டன் கூடிவிடுகிறது. ஈரப்பதத்தைச் சேர்க்காமலேயே, நீங்கள் நிறுத்தெடுக்கும் 10 மில்லிகிராமில் பெப்டைடு 7.9 மில்லிகிராம்தான். சான்றிதழில் உள்ள 'தூய்மை 95%' பெப்டைடு முகடுகளை மட்டும் ஒப்பிட்ட கணக்கு. அமிலத்தைப் பற்றி அது வாய் திறப்பதில்லை.

பக்கத்து ஆய்வகத்தில் சேலத்துப் பையன் ஒருவன், "செல் எல்லாம் செத்துப்போகுது அக்கா, பெப்டைடோட அமினோ அமில வரிசையை மாற்றிப் புதுசா ஆர்டர் போட்டுவிட்டோம்" என்று வந்து நின்றான். அவனுடைய அகச்சிவப்பு நிறமாலையில் 1673 செ.மீ⁻¹ அருகே கூர்மையாக எழுந்திருந்த அமிலத்தின் முகட்டைப் பெப்டைடின் வளைவு அமைப்பு என்று குறித்து வைத்திருந்தான். இழைகளுக்கு அடிப்படையான பீட்டா தகட்டு அமைப்பின் முகடோ 1620-க்கும் 1630-க்கும் இடையே தன் பாட்டில் நின்றது. பெரும் பணம் கொடுத்து வரவழைத்த இரண்டாவது பொடியிலும் அதே அமிலம்தான். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து உறைய வைத்து உலர்த்துவதை, 1673 முகடு மறையும்வரை திரும்பத் திரும்பச் செய்தபின் பழைய பொடியிலேயே செல்கள் பிழைத்தன. ஆர்டர் போடும்போதே குளோரைடு உப்பாகத் தரச் சொல்லியிருக்கலாம்; நிகரப் பெப்டைடு அளவையும் அமினோ அமிலப் பகுப்பாய்வில் கேட்டு வாங்கியிருக்கலாம். வழிகாட்டிகளே இதைச் சொல்லித் தருவதில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமூட்டுகிறது.

பாஸ்பேட் கரைசலில் கரைப்பது

உப்பு பட்டதும் பெப்டைடு கட்டியாகிவிடும். முதலில் தூய நீர்.

செல்களை வளர்ப்பு ஊடகத்தோடு கூழில் கலப்பது

ராடா-16 கரைசல் கடும் அமிலத்தன்மை உடையது; ஊடகத்தின் உப்பு பட்டாலோ கட்டியாகிவிடும். செல்களை 10% சுக்ரோஸில் மிதக்கவிட்டால் உப்பில்லாமலே சவ்வூடு அழுத்தம் காக்கப்படும். கூழோடு விரைந்து கலந்து, ஊடகத்தைக் கிண்ணத்தின் ஓரமாக மெல்ல ஊற்றி, முதல் ஒரு மணி நேரத்துக்குள் சில முறை மாற்றிவிட வேண்டும்.

குப்பியைக் கவிழ்த்துப் பார்த்துக் 'கூழ்' என்று எழுதுவது

கூழின் விறைப்பையும் பாய்வையும் அளக்கும் ரியோமீட்டர் அளவு இல்லாமல் எழுத வேண்டாம்.