அமைதிக் கல்வியில் ஆன்மிகம்: மன்னிக்கச் சொல்லிக் கொடுக்காதீர்கள்

அமைதி, மனித உரிமைப் பயிற்சி வகுப்புகளுக்குப் புதிதாக வருபவர்கள் நான் அன்று செய்த தவறுகளையே செய்வதைப் பார்த்தால் மனம் பதறுகிறது. மதப் பிரசாரம் கூடாது என்பது எல்லோரும் அறிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன்.

மன்னிக்கச் சொல்வது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். ஒரு வகுப்பில் மாணவர்களை வட்டமாக உட்காரவைத்து, மனதை உறுத்துவதைச் சொல்லச் சொன்னேன். தன் திக்குவாயை ஆசிரியர் நடித்துக் காட்டி, வகுப்பே சிரித்ததை ஒரு மாணவி சொன்னாள். சொல்லி முடிக்க அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. நான் உடனே, “கண்ணை மூடு, மூச்சைக் கவனி, அவரை மன்னித்துவிடு” என்றேன். அவளும் கண்ணை மூடினாள். விரல்கள் மட்டும் நோட்டின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டே இருந்தன. அறை அமைதியானதும் வகுப்பு வெற்றி என்று நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு அவள் வாய் திறக்கவே இல்லை.

வன்முறை இல்லாதிருப்பது வேறு, நீதியோடு கூடிய அமைதி வேறு என்று அமைதி ஆய்வாளர் யோஹான் கால்டுங் பிரித்துக் காட்டியதைப் பாடமாக நடத்தியவன் நான். உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 26ஆம் பிரிவு, உரிமைகளுக்கான மதிப்பையும் அமைதியையும் சேர்த்தே கல்வியின் நோக்கமாக வைக்கிறது. நான் ஒன்றைப் பறித்துக்கொண்டு மற்றதைக் கொடுத்தேன். பாதிக்கப்பட்டவரிடம் முதலில் கேட்க வேண்டியது, “என்ன நடந்தால் உனக்குச் சரியாக இருக்கும்?” என்பதுதான். பிள்ளைகளைப் பாதிக்கும் விஷயங்களில் அவர்கள் கருத்துக்கு உரிய மதிப்புத் தர வேண்டும் என்கிறது 1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமை உடன்படிக்கை. புகார் செய்யும் வழியைச் சொல்லுங்கள், கூடவே போங்கள். மன்னிப்பதா, எப்போது என்பது அவள் முடிவு.

தியானத்தைக் கட்டாயமாக்குவது

கண்ணை மூட விரும்பாதவர் திறந்தே வைத்திருக்கட்டும். சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரம் தரும் பிரகடனத்தின் 18ஆம் பிரிவு அவருக்கும் உண்டு.

மகான்களின் பட்டியல்

வேண்டாம்.

எல்லா மதமும் ஒன்றே என்று முடிப்பது

வேறுபாட்டைப் பேசப் பயந்தவர்களின் வழி இது. நம்பிக்கையற்ற மாணவரையும் வெளியே நிறுத்திவிடுகிறது. 1948இல் பிரகடனத்தின் முதல் பிரிவில் கடவுளைக் குறிப்பிட வேண்டும் என்ற யோசனை எழுந்தது; கடைசியில் பகுத்தறிவும் மனச்சாட்சியும் மட்டுமே இடம்பெற்றன. நான் இப்போது அந்த வரியைப் பலகையில் எழுதிவைத்து, மனச்சாட்சி உங்களுக்கு எங்கிருந்து வருகிறது என்று ஒவ்வொருவரிடமும் கேட்கிறேன். பதில்கள் மோதட்டும், நான் குறுக்கிடுவதில்லை.