மலை ஏரிப் படகுக்கு மோட்டார் மாற்றுகிறீர்களா?

கடற்கரையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய அவுட்போர்டு மோட்டாரை (படகின் பின்புறம் வெளியே மாட்டுவது) வாங்கி ஊட்டிக்குக் கொண்டுவருபவர்கள் முதலில் ஏமாறுவது திறனில்தான். இங்கே உயரம் 2,200 மீட்டருக்கும் மேல். காற்றின் அடர்த்தி குறைவு. ஒவ்வொரு 300 மீட்டருக்கும் எஞ்சின் சுமார் 3 சதவீதம் திறன் இழக்கும். கீழே 10 குதிரைத்திறன் தந்த மோட்டார் இங்கே எட்டுக்குக்கூடத் திணறும். கொடைக்கானலிலும் ஏறக்குறைய இதே கதைதான்.

சரி, பெரிய மோட்டாராக வாங்கிவிடலாமா? பழைய படகு என்றால் அவசரப்படாதீர்கள். மோட்டார் மாட்டும் பின்பலகையைச் சுத்தியல் பிடியால் தட்டிப் பாருங்கள். மந்தமான சத்தம் வந்தால் உள்ளே மரம் உளுத்திருக்கலாம். நான்கு ஸ்ட்ரோக் மோட்டார், அதே திறனுள்ள இரண்டு ஸ்ட்ரோக்கைவிடப் பெரும்பாலும் கனம். பழைய படகின் பின்பக்கம் தாழ்ந்துவிடும். படகுக்குச் சொல்லப்பட்ட உச்சத் திறனை மீற வேண்டாம்.

நான் அதற்குப் பதிலாக, தண்ணீரைத் தள்ளும் விசிறியை (புரொப்பெல்லர்) மாற்றச் சொல்வேன். பிட்ச், அதாவது ஒரு சுற்றுக்கு விசிறி முன்னேறும் கணக்குத் தூரம், ஒன்றிரண்டு அங்குலம் குறைந்த விசிறி போட்டால், முழு வேகத்தில் எஞ்சின் தன் சரியான சுழற்சியை எட்டும். கார்புரேட்டர் மாடல் என்றால் ஜெட்டையும் (பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் சிறு துளை) உயரத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பெட்ரோல் வீணாகும், பிளக் கருக்கும்.

அப்புறம், எஞ்சினிலிருந்து விசிறிக்கு இறங்கும் தண்டின் நீளம். பின்பலகையின் உயரம் 15 அங்குலம் என்றால் குட்டைத் தண்டு, 20 என்றால் நீளத் தண்டு. டேப் வைத்து அளந்துவிட்டே கடைக்குப் போங்கள். அதற்கும் முன்னால், அந்த நீர்நிலையில் மோட்டார் ஓட்ட அனுமதி உண்டா என்று கேட்டுவிடுங்கள்.