சிறுமிகள் பள்ளியின் செய்திமடல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறுமிகள் மட்டும் படிக்கும் தொடக்கப் பள்ளி ஒன்றின் செய்திமடலைச் சில ஆண்டுகள் தொகுத்துக் கொடுத்தேன். முதல் இதழில் விளையாட்டு விழாவுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கினேன். தலைமை தாங்கியவர், வரவேற்றவர், சிறப்பு விருந்தினர் பேசியதன் சாரம், நன்றி சொன்னவர் என்று ஒருவரையும் விடவில்லை. அனுப்புவதற்கு முன் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியிடம் படிக்கக் கொடுத்தேன். கடைசி வரி வரை படித்துவிட்டு, "யாரு ஓடுனாங்க?" என்று கேட்டாள்.

என் பக்கத்தில் ஒருவரும் ஓடியிருக்கவில்லை.

அதன் பிறகு கையில் கிடைத்த பள்ளி மடல்களையெல்லாம் கவனித்துப் படிக்க ஆரம்பித்தேன். பெரும்பாலும் ஒரே கதைதான். எழுத்தில் சிறுமிகளைத் தேட வேண்டியிருக்கிறது. படங்களிலோ அவர்களைத் தேவைக்கு மேல் காட்டிவிடுகிறோம். இதை அப்படியே தலைகீழாக்கினால் பாதி வேலை முடிந்த மாதிரி.

மேடையை எழுதி மைதானத்தை விட்டுவிடுவது

விழாவுக்கு வந்தவர்களின் பெயர் விடுபட்டால் வருத்தப்படுவார்கள் என்ற பயம் நியாயமானதுதான். அவர்களுக்கு இரண்டு வரி போதும், அதையும் கடைசியில் வைக்கலாம். முதல் வரியில் குழந்தைகள் என்ன செய்தார்கள் என்பது வர வேண்டும். "விழா இனிதே நிறைவுற்றது" என்ற வாக்கியத்தை மொத்தமாகவே கைவிடலாம். எந்த விழாதான் இனிதே நிறைவுறாமல் போயிருக்கிறது?

இன்னொன்று, குழந்தைகளின் வாயில் பெரியவர்களின் பேச்சை வைப்பது. "இந்நிகழ்ச்சி எங்களுக்கு மிகவும் பயனுள்ளதாக அமைந்தது" என்று எட்டு வயதுப் பெண் எங்கும் பேசுவதில்லை. பாதித் தவறு கேள்வியில் இருக்கிறது. "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்றுதான் பதில் வரும். "எது கஷ்டமா இருந்துச்சு?", "எப்ப சிரிச்சீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். தொலைநோக்கியில் இரவு வானம் பார்க்கப் போய்வந்த குழந்தை, "தொட்டா நிலா ஆடுது" என்பாள். தொலைநோக்கியைப் பற்றி அதைவிட நல்ல குறிப்பை நாம் எழுத முடியாது. அவள் சொன்னபடியே போடுங்கள்; எழுத்துப்பிழையை மட்டும் திருத்தினால் போதும்.

அழகு, அடக்கம், தேவதை

சிறுமிகள் பள்ளி என்றதும் நம் பேனாவுக்கு என்னவோ ஆகிவிடுகிறது. நடனம் ஆடினால் "தேவதைகள் போல", வரிசையில் நின்றால் "பூக்கள் போல". அறிவியல் கண்காட்சிச் செய்தியில்கூட "அழகிய உடையில் வந்த மாணவிகள்" என்று ஒரு வரி நுழைந்துவிடும். அவர்கள் செய்துவந்த நீர் வடிகட்டி வேலை செய்ததா இல்லையா என்று ஒரு சொல் இருக்காது.

இது வெறும் ரசனைச் சிக்கல் இல்லை. லின் பியான், சாரா-ஜேன் லெஸ்லி, ஆண்ட்ரே சிம்பியன் ஆகியோர் 2017இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வில், ஐந்து வயதில் பையன்களும் பெண்களும் ஒரே மாதிரித் தங்கள் பாலினத்தவரைத்தான் "ரொம்ப ரொம்ப புத்திசாலி" என்று காட்டினார்கள். ஆறு, ஏழு வயதில் பெண் குழந்தைகள் அப்படிக் காட்டுவது குறைந்துவிட்டது. "ரொம்ப ரொம்ப புத்திசாலிகளுக்கான விளையாட்டு" என்று அறிமுகப்படுத்தினால் அதில் அவர்களுக்கு ஆர்வமும் குறைந்தது. கவனியுங்கள், நம் மடலில் பெயர் வரத் தொடங்கும் வயதும் அதுதான். டேவிட் வேட் சேம்பர்ஸ் 1983இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் பழையது. 4,807 குழந்தைகளிடம் ஒரு விஞ்ஞானியை வரையச் சொன்னார். பெண் விஞ்ஞானி இருந்த படங்கள் 28 மட்டுமே. அந்த 28ஐயும் வரைந்தவர்கள் சிறுமிகள்.

சரி, அப்படியானால் "புத்திசாலி மாணவிகள்" என்று மாற்றி எழுதிவிடலாமா? அதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. கிளாடியா மியூலரும் கேரல் ட்வெக்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், பத்துப் பன்னிரண்டு வயதுக் குழந்தைகளில் சிலரை "நீ புத்திசாலி" என்றும், சிலரை "நன்றாக உழைத்தாய்" என்றும் பாராட்டினார்கள். அப்புறம் கடினமான புதிர்கள் கொடுத்தபோது, புத்திசாலி என்று பேர் வாங்கியவர்களே சீக்கிரம் சோர்ந்தார்கள். தங்கள் மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம். ஆகவே பட்டம் கொடுக்காமல், செய்ததை எழுதுவதே மேல். "முதல் மூன்று பாலமும் உடைந்தன, நாலாவதற்கு முக்கோணச் சட்டம் வைத்தார்கள், நின்றது." இதில் ஒரு பாராட்டுச் சொல்கூட இல்லை. ஆனாலும் அந்தக் குழந்தைகள் அதைத் திரும்பத் திரும்பப் படிப்பார்கள்.

இதோடு சேர்ந்த சின்னத் தவறு: "நாடக உடையை அம்மாக்கள் தைத்து அனுப்பவும்." வீட்டில் யார் தைப்பார்கள் என்று பள்ளிக்கு எப்படித் தெரியும்? அம்மா இல்லாத வீடும் இருக்கிறது. "வீட்டிலிருந்து" என்று போட்டால் போதும்.

படங்கள்

இங்கேதான் நல்ல மனதோடு பெரிய தவறுகள் நடக்கின்றன.

முகம், முழுப் பெயர், வகுப்பு மூன்றையும் ஒன்றாகப் போடுவது முதல் தவறு. வெளியாள் ஒருவர் ஒரு குழந்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிட அவ்வளவு போதும். முகம் தெரியும் படமென்றால் முழுப் பெயரைத் தவிருங்கள். முழுப் பெயரோடு பாராட்டும் செய்தியென்றால் அவள் செய்த பொருளின் படத்தைப் போடுங்கள். முகத்தை மங்கலாக்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் பையில் தைத்த பெயரையும், பின்னால் நிற்கும் பேருந்தின் எண்ணையும் பார்ப்பதில்லை.

கண்ணுக்குத் தெரியாதவை இன்னும் மோசம். படத்தின் கோப்புக்குக் குழந்தையின் முழுப் பெயரை வைத்து அப்படியே இணையத்தில் ஏற்றினால் தேடுபொறி அந்தப் பெயரையும் படித்துக்கொள்ளும். கைபேசியில் இருப்பிட வசதி இயக்கத்தில் இருந்தால், எடுத்த இடத்தின் ஆயத்தொலைவுகள் படத்துக்குள்ளேயே பதிந்துவிடும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்தத் தகவல் நீங்கிவிடுகிறது. தரம் குறையக் கூடாதென்று ஆவணமாக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும். அச்சுக்கு நல்ல படம் வேண்டுமென்று நாம் கேட்டு வாங்குவது இந்த இரண்டாவது வகையைத்தான்.

வேர்டில் ஒரு படத்தின் ஓரத்தை வெட்டிவிட்டால் வெட்டிய பகுதி போய்விட்டதாக நினைக்கிறோம். போகவில்லை, மறைந்திருக்கிறது. கோப்பைப் பெறுபவர் வெட்டை நீக்கினால், வேண்டாமென்று நாம் ஒதுக்கிய குழந்தை திரும்பவும் வந்து நிற்பாள். வெட்டிய பகுதியை நிரந்தரமாக அழிக்க, படங்களைச் சுருக்கும் வசதியில் தனித் தெரிவு உண்டு. அதைவிட எளிது, வேறு செயலியில் வெட்டிய படத்தைக் கொண்டுவந்து ஒட்டுவது. பிடிஎஃபில் ஒரு பெயரின் மேல் கறுப்புக் கட்டம் போடுவதும் இதே கதைதான். அடியில் உள்ள எழுத்தை நகலெடுத்துவிட முடியும்.

ஒப்புதல் விஷயத்தில், சேர்க்கையின்போது வாங்கிய ஒரு கையெழுத்தை ஐந்து ஆண்டுகளுக்கு இழுப்பது வழக்கமாகிவிட்டது. குடும்பச் சூழல் மாறும். பெற்றோர் பிரிந்து, குழந்தை எங்கே படிக்கிறாள் என்பதே வெளியே தெரியக் கூடாத நிலைகூட வரலாம். ஆண்டுதோறும் கேளுங்கள், அச்சு மடலுக்கு, இணையதளத்துக்கு, சமூக ஊடகத்துக்கு என்று தனித்தனியாகக் கேளுங்கள். படம் எடுப்பவர் கையில் அந்தப் பட்டியல் இருக்க வேண்டும், அலுவலக அலமாரியில் இருந்து பயனில்லை. ஒப்புதல் இல்லாத குழந்தையை எல்லார் முன்னாலும் "நீ மட்டும் தள்ளி நில்லும்மா" என்று சொல்வது கொடுமை. முதலில் எல்லாரையும் வைத்து ஒரு படம் எடுங்கள், அது பள்ளிக்குள் இருக்கட்டும். வெளியே போகும் படத்தை வேலை செய்யும் கைகளாகவோ பின்னாலிருந்தோ எடுத்துக்கொள்ளலாம்.

குழந்தையையும் கேட்க வேண்டும். 1989இல் ஐ.நா. ஏற்ற குழந்தைகள் உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு தன்னைப் பற்றிய விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையையும், 16ஆம் பிரிவு அந்தரங்கத்தையும் குழந்தைக்குத் தருகின்றன. உடன்படிக்கையை விடுங்கள்; பல் விழுந்த சிரிப்போடு தன் படம் வருவது அவளுக்குப் பிடிக்குமா என்று கேட்க அரை நிமிடம் ஆகுமா?

போகும் முன்பே பொதுவில் சொல்லிவிடுவதும் கூடாது. "வியாழன் காலை 9 மணிக்கு நான்காம் வகுப்பு மாணவிகள் அருங்காட்சியகம் செல்கிறார்கள்" என்பது பெற்றோருக்கான தனித் தகவல். பொதுப் பக்கத்தில் அவர்கள் திரும்பி வந்த பிறகு போட்டாலும் செய்தி கெட்டுப்போகாது.

முதல் மூன்று பேர்

24 பேர் ஓடினால் 3 பேர் பரிசு வாங்குவார்கள், 21 பேர் வாங்க மாட்டார்கள். பரிசுப் பட்டியலையே செய்தியாக வெளியிட்டால், ஒவ்வொரு முறையும் அந்த 21 வீடுகளுக்கு நாம் எதுவும் எழுதவில்லை. பெரும்பாலும் அதே மூன்று பேர்தான் அடுத்த முறையும் வருவார்கள்.

இரண்டாம் ஆண்டின் முடிவில் வகுப்புப் பட்டியலை எடுத்து, மடலில் பெயரோ படைப்போ வந்த குழந்தைகளை 'டிக்' செய்து பார்த்தேன். சிலருக்கு ஏழெட்டு. ஒரு பெண்ணுக்கு ஆண்டு முழுவதும் ஒன்றுகூட இல்லை. அவள் தினமும் நூலக அலமாரியை அடுக்கித் தந்தவள் என்பது அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. அதிலிருந்து ஒவ்வொரு இதழுக்கும் முன்னால் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் செய்தி தேடப் போவேன். நன்கொடை தந்தவர்களைத் தொகை வரிசையில் போடும் பழக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. அதுவும் இதே வகைதான்.

தேதியும் நேரமும்

"நாளை", "வரும் வெள்ளி" என்று எழுதாதீர்கள். மடலை இரண்டு நாள் கழித்துப் படிப்பவர்தான் அதிகம். 04/05 என்றால் சிலருக்கு மே, சிலருக்கு ஏப்ரல்; மாதத்தை எழுத்தில் போடுங்கள், கிழமையையும் சேருங்கள். கிழமையும் தேதியும் பொருந்துகிறதா என்று நாள்காட்டியைப் பார்த்து உறுதிசெய்யுங்கள், சென்ற ஆண்டுச் சுற்றறிக்கையை நகலெடுக்கும்போது மாறுவது இதுதான். தொடங்கும் நேரத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டு முடியும் நேரத்தை மறப்போம். குழந்தையை அழைத்துப்போக வருபவருக்கு அதுதான் முக்கியம்.

பேன் அறிவிப்பு

சிரிக்காதீர்கள், சிறுமிகள் பள்ளியில் இதை எழுதாமல் ஓர் ஆண்டு போகாது. வழக்கமான தவறு, "குழந்தைகளைச் சுத்தமாகத் தலை வாரி அனுப்பவும்" என்று எழுதுவது. பேனுக்கும் அழுக்குக்கும் தொடர்பில்லை. தினமும் குளிக்கும் தலையிலும் அது சுகமாக வாழும். அதற்குத் தாவவோ பறக்கவோ தெரியாது. தலையோடு தலை ஒட்டும்போது ஊர்ந்து போகிறது, அவ்வளவுதான். தலையை விட்டு விலகினால் ஓரிரு நாளில் செத்துவிடும். பள்ளி இப்படி நாலு வரி எழுதி, ஈரத் தலையில் பேன் சீப்பால் வாரிப் பார்க்கச் சொன்னால் காரியம் நடக்கும். வகுப்பைக் குறிப்பிட்டால் அடுத்த நாளே எந்தக் குழந்தை என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள், அதனால் எல்லா வகுப்புக்கும் ஒரே குறிப்பு போகட்டும். விழாச் செய்திகளுக்கு நடுவில் செருகாமல் தனியாக அனுப்புங்கள்.

பெயர்

யாழினி யாளினி ஆவதும், கடைசி எழுத்து 'னி'யா 'ணி'யா என்ற குழப்பமும் நம் மொழியில் தீராது. வருகைப் பதிவேட்டை நம்ப வேண்டாம், அங்கேயும் தவறு இருக்கும். குழந்தையையே எழுதித் தரச் சொல்லுங்கள். அப்படியும் தவறு வந்துவிட்டால், அடுத்த இதழின் மூலையில் 'திருத்தம்' என்று பொடி எழுத்தில் போட்டு முடிக்காமல், அந்தச் செய்தியையே சரியான பெயரோடு மறுபடி வெளியிடுங்கள். நான் ஒருமுறை அப்படிச் செய்தேன். தவறாக வந்த இதழையும் அவள் பத்திரமாக வைத்திருந்தாள், தன் பெயரைப் பேனாவால் அவளே திருத்தி.