புரதம் 16 வீதம் இருந்தும் முட்டை ஏன் சிறுக்கிறது? வீட்டுக் கோழித்தீனில் தவிர்க்க வேண்டிய பிழைகள்

கோழித்தீன் விலை ஏறும்போதெல்லாம் யாழ்ப்பாணத்தில் பலர் வீட்டிலேயே தீன் கலக்கத் தொடங்குகிறார்கள். சோளம், குறுணல், தவிடு, செக்கில் வாங்கிய எள்ளுப் புண்ணாக்கு. கூட்டிப் பார்த்தால் புரதம் 16 வீதம் வந்துவிடும். சில வாரத்தில் முட்டை சிறுக்கும், கோழிகள் ஒன்றின் இறகை ஒன்று கொத்தும்.

புரத வீதத்தை மட்டும் பார்த்துக் கலப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய பிழை. அந்த வீதம் நைதரசனை அளந்து 6.25 ஆல் பெருக்கி எடுத்தது. உள்ளே எந்த அமினோ அமிலம் (புரதத்தைக் கட்டும் கூறு) எவ்வளவு என்று அது சொல்லாது. தானியத்தில் முதலில் பற்றாமல் போகும் அமினோ அமிலம் லைசின். சோளப் புரதத்தில் ஏறக்குறைய பாதி ஸீன் என்ற வகை, அதில் லைசின் இல்லையென்றே சொல்லலாம். அரிசிப் புரதம் அதைவிடத் தரமானது. ஆனால் குறுணலில் புரதமே 8 வீதமளவுதான்.

100 கிலோ கலவை ஒன்றை எடுப்போம். சோளம் 55 கிலோ, தவிடு 10, எள்ளுப் புண்ணாக்கு 25. மீதி 10 கிலோவுக்குச் சிப்பித்தூள், டைகால்சியம் பொஸ்பேற்று, உப்பு, விற்றமின் கலவை. புரதம் 16 கிலோவுக்குக் கிட்ட வரும். லைசினைக் கூட்டுங்கள்: சோளத்தில் 138 கிராம், தவிட்டில் 55, எள்ளில் 250. மொத்தம் 443 கிராம். நாளுக்கு 110 கிராம் தின்னும் முட்டைக்கோழிக்குக் கிடைப்பது 490 மில்லிகிராம். தேவையோ 700 அளவில். லைசின் தீர்ந்ததும் மற்ற அமினோ அமிலங்கள் முட்டைக்கு உதவாமல் யூரிக் அமிலமாகி எச்சத்தில் போகும். கூட்டில் அமோனியா மணம் தூக்கினால், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய புரதம்தான் அது.

உடனே எள்ளை அடியோடு நிறுத்துகிறவர்களும் உண்டு. அது அடுத்த பிழை. எள்ளில் லைசின் குறைவு, மெதியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலம் தாராளம், சோயாவில் நேர்மாறு. அதே 25 கிலோவை எள்ளு 12, சோயாப் புண்ணாக்கு 13 என்று பிரித்தால் லைசின் 677 கிராமாக ஏறும், கோழிக்கு நாளுக்கு 745 மில்லிகிராம். மெதியோனினும் தேவைக்குக் குறையாது. தேங்காய்ப் புண்ணாக்கை எள்ளுக்குப் பதிலாகப் போடுவது கணக்கைத் தீர்க்காது. அதிலும் லைசின் குறைவு, நார் வேறு கூட.

சோயா விதையைப் பச்சையாக அரைத்துப் போடவே கூடாது. அதிலுள்ள டிரிப்சின் தடுப்பான் புரதச் செரிமானத்தைக் கெடுக்கும். வறுக்கும்போது பச்சை மணம் போய்ப் பொன்னிறம் வந்ததும் இறக்குங்கள். கருகவிட்டால் லைசின் சர்க்கரையோடு பிணைந்து கோழிக்கு எட்டாமல் போய்விடும். வறுத்த விதையில் எண்ணெய் இருப்பதால் கிலோவுக்குக் கிலோ சோயாப் புண்ணாக்குக்கு ஈடாகாது. புரதம் 36 வீதமளவுதான்.

தவிட்டை வாங்குமுன் ஒரு பிடியைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். உமி மேலே மிதக்கும். நிறைய மிதந்தால் நல்ல தவிட்டில் இருக்கும் 12 வீதப் புரதம் அதில் இல்லை. புழுங்கல் நெல்லுத் தவிடு கொஞ்சம் தாங்கும். பச்சை நெல்லுத் தவிடு சில நாளிலேயே காறிப்போகும்.

“மாடு இந்தப் புண்ணாக்கையும் தவிட்டையும் தின்றுதானே பால் தருகிறது?” என்று கேட்பார்கள். மாட்டின் முதல் வயிற்றில் நுண்ணுயிர்கள் நைதரசனைக் கொண்டு தங்கள் புரதத்தைப் புதிதாகக் கட்டும், மாடு அதைச் செரிக்கும். கோழிக்கு அந்த வசதி கிடையாது. யூரியா கலந்த மாட்டுத்தீனைக் கோழிக்கு வைக்கவே வேண்டாம்.

லைசினுக்குக் கருவாட்டுத் தூள் நல்லதுதான். ஆனால் உப்பையும் மணலையும் கவனியுங்கள். கருவாட்டை ஊறவைத்துக் கழுவி, நன்றாகக் காயவைத்து அரைத்து, 100 கிலோவுக்கு 3, 4 கிலோவோடு நிறுத்துங்கள். அப்போது தனியாக உப்புப் போட வேண்டாம். எச்சம் தண்ணீராகப் போனால் முதலில் இந்தத் தூளைச் சந்தேகியுங்கள்.